வெள்ளம் வராத இடத்தில் ஒரு பாலம்

எங்கள் பைபாஸ் சின்னது. நாலு வழி, நடுவில் அரளிச்செடி, இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு என்று பெரிய சாலைக்கு உண்டான அலங்காரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் காரில் ஏறி ஒரு பாட்டைப் போட்டால், பாட்டு முடிவதற்குள் சாலை முடிந்துவிடும். "இதுக்கா அத்தன வருசம் ஆச்சு?" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்பார். அவர் தையற்கடை வைத்திருந்தவர். ஒரு ரவிக்கைக்கு மூன்று தடவை நாள் சொல்கிற ஆள் கேட்கிற கேள்வி இது.

நான் சாலை வேலையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் கேரளத்தில், பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளி. பைபாஸ் சுற்றிப் போகும் டவுனின் பெயரை எழுதப்போவதில்லை. கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகிற லாரிக்காரர்கள் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். சர்வீஸ் ரோடு போடுவதற்காக அந்தச் சாலையை மறுபடி அளக்கிறார்களாம். ட்ரோனைப் பறக்கவிட்டால் மேடு பள்ளம் எல்லாம் விரற்கடை சுத்தமாகத் தெரிந்துவிடுகிறதாம். "சேச்சி, இனி ஆரோடும் ஒன்னும் சோதிக்கண்டா" என்றாள் ஒருத்தி. அக்கா, இனி யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்று அர்த்தம். அப்படிச் சொன்னவளே அடுத்த வாயில் என்னிடம் கேட்டாள்: மற்ற சிறு பாலங்கள் எல்லாம் பெட்டி மாதிரி கான்கிரீட்டில் இருக்க, ஒன்று மட்டும் ஏன் உருளைக் குழாயில் இருக்கிறது? சொல்லத் தொடங்கினேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம், பாதிகூட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக் முடித்தேன், பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. முதலில் போட்டது இடுக்கியில், கம்பம்மெட்டுக்குக் கீழே மலைச் சாலையில். சமவெளியில் வளர்ந்தவளுக்கு அங்கே மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியாது. ஏலத்தோட்டத்து ஜனங்கள் பேசுவதும் தமிழ்தான், ஆனால் மதுரை, திருநெல்வேலித் தமிழ். நான் "ஏனுங்க" என்று வாய் திறந்தாலே சிரிப்பார்கள். ஒருநாள் ரோலர் ஓட்டுகிறவரிடம் "நாளைக்குப் பொழுதோட வந்துருங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் பொழுதோட என்றால் சாயங்காலம். அவர் பக்கத்தில் நேரத்தோடு. மனிதர் காலையிலேயே ரோலரோடு வந்து, சாரலில் நனைந்துகொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். "ஏம்மா, பொழுதோட வரச் சொல்லிட்டு நீங்க இப்பத்தான் வாரீகளா?" என்று கேட்டபோது நான் அவரைத்தான் திட்டினேன். மலையில் நான் கற்ற தார், ஜல்லி வித்தைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பைபாஸுக்கு முதலில் போட்ட கோடு வேறு. சந்தைக்குப் பின்னால், செங்கல் சூளைகளை ஒட்டி நேராகப் போயிருக்க வேண்டியது. அங்கே வீடுகள் நெருக்கம். ஜனங்கள் கொடி பிடித்தார்கள், கோடு அழிந்தது. இரண்டாவது கோடு மேற்கே போய், கோயில் தேர் ஓடுகிற வீதியைக் குறுக்கே வெட்டியது. தரையில் சாலை போட்டால் தேர் நாளில் லாரிகள் நிற்க வேண்டும், மேலே பாலம் போட்டால் தேர் அடியில் நுழையாது. தேரும் விட்டுக்கொடுக்கவில்லை, லாரியும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது கோடுதான் கிழக்கே வயல் வழியாக வந்தது. வயல் கொடி பிடிக்காது என்பதால் எல்லாச் சாலையும் கடைசியில் வயலுக்குத்தான் வந்து சேரும்.

இந்த மூன்றாவது கோட்டில் நடுவே ஒரு வளைவு இருக்கிறது. கள்ளுக்கடையை இடிக்கக் கூடாது என்று யாரோ வளைத்துவிட்டதாக டவுனில் பேச்சு. அப்படி ஒரு கடை அங்கே இருந்ததும் உண்மை. ஆனால் வளைத்தது அதற்காக இல்லை. தூர்ந்துபோன ஒரு குளம் அந்த இடத்தில் மண்ணுக்கடியில் கிடந்தது. கரிசல் சேறு, லாரி நின்றால் உள்ளே வாங்கும். அதைக் கண்டுபிடித்து ஒதுக்கியவர் எலியாஸ் சார். கள்ளுக்கடைக் கதைதான் ருசி, ஆகையால் அதுதான் நிலைத்தது. சார் அதை மறுக்கவும் இல்லை. "ஆயிக்கோட்டே" என்பார். அப்படியே இருக்கட்டும் என்று பொருள். அவர் வாயில் அந்தச் சொல் ஒரு நாளைக்குப் பத்து தடவை வரும்.

எலியாஸ் சார் கோட்டயம் பக்கத்துக்காரர், பைபாஸ் வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர். மெலிந்த உடம்பு, சத்தமே வராத பேச்சு. சர்வே குழுவோடு போகும்போது வரப்பில் கால் வைப்பதற்கு முன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். அது அவருக்கு ஒரு கொள்கை. ஒருத்தருடைய வயலில் நம்முடைய ஷூத்தடம் கிடக்கக் கூடாது என்பார். இன்னொரு கொள்கையும் உண்டு. கிழக்குப் பாலக்காட்டில் வேலை பார்க்கிறவன் ஜனங்களிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்பது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பேசிப் பேசி அவரே கற்றுக்கொண்ட தமிழ் அது. வினைச்சொல் தமிழில் இருக்கும், மற்றதெல்லாம் வந்தது வரட்டும் என்று மலையாளத்தில் இருக்கும். ஒரு கவுண்டர் தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு, "உங்க பட்டி கடிக்குமா?" என்று கேட்டாராம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கவுண்டர் திகைத்துப்போய், "ஆட்டுப்பட்டி எப்படீங்க கடிக்கும்?" என்றாராம். இந்தக் கதையை சாரே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சர்வேயில் நான் இல்லை. அளவு முடிந்து, மண் கொட்டி, கரை உயர்ந்த பிறகுதான் அங்கே மாற்றலாகி வந்தேன். ஆனால் பின்னால் வேறு சாலைகளுக்கு சாரோடு நடந்திருக்கிறேன். அவர் முறை எனக்கு நன்றாகத் தெரியும். கோடு போகும் வழியில் தாழ்வான இடம் ஒவ்வொன்றிலும் நிற்பார். முதலில் பேசமாட்டார், பார்ப்பார். வேலிக் கம்பியில் சருகு சிக்கியிருக்கிறதா, தென்னை அடியில் சேற்றுக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது, கோரை முளைத்திருக்கிறதா, நத்தை ஓடு கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தண்ணீர் வந்து போன இடம் இதில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு நிலத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார். கண்ணும் காதும் ஒன்றாகச் சொன்னால்தான் குறித்துக்கொள்வார். தண்ணீர் குறுக்கே போகிற இடமென்றால் அங்கே நீலக் கொடி நடுவார்கள். நீலக் கொடி இருந்த இடத்திலெல்லாம் ஒரு கலுங்கு, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகச் சிறு பாலம், கட்டாயம் வரும்.

சர்வே நடந்தது நல்ல கோடையில். அதற்கு முந்தின இரண்டு வருடமாக மழை ஏமாற்றி, அணையிலிருந்து கால்வாயில் தண்ணீரே விடவில்லை. பெரிய கால்வாய்கள் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. அதிலிருந்து பிரிந்து ஊர்க்காரர்கள் தாங்களே வெட்டிக்கொண்ட வாய்க்கால்கள் எந்தப் படத்திலும் இல்லை. அப்படி ஒரு வாய்க்கால் மயிலாத்தாள் என்ற அம்மாளின் தென்னந்தோப்பு ஓரமாக வந்து, கீழே வேலுச்சாமி முதலானவர்களின் வயலுக்குப் போகும். அந்தக் கோடையில் அது வாய்க்காலாகவே இல்லை. தடம் முழுக்க யாரோ தட்டைப்பயறு போட்டிருந்தார்கள். நத்தை ஓடும் இல்லை, கோரையும் இல்லை.

சார் மயிலாத்தாளைக் கேட்டிருக்கிறார். இங்கே தண்ணீர் வருமா என்று கேட்டேன், வரவே வராது என்றார்கள் என்று பின்னால் என்னிடம் மலையாளத்தில் சொன்னார். கண்ணும் காதும் ஒத்துப்போய்விட்டன. நீலக் கொடி நடவில்லை. அந்த இடத்தில் சாலைக் கரை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரே மண்ணாக எழுந்தது.

தார் போட்டு, வெள்ளைக் கோடு இழுத்து, திறப்பு விழாவுக்கு மந்திரியிடம் நாளும் வாங்கியாகிவிட்டது. இரண்டாம் போக நடவு முடிந்திருந்த நேரம். அந்த வருடம் மழை நன்றாக இருந்ததால் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மயிலாத்தாள் தோப்பு வரைக்கும் வந்து, சாலைக் கரையில் முட்டி நின்றது. மேலே தென்னைக்குக் கணுக்கால் தண்ணீர். கீழே வேலுச்சாமியின் வயலிலும் அவருக்கு அடுத்தவர்கள் வயலிலும் நாற்று பழுத்துக்கொண்டிருந்தது.

கீழ்வயல்காரர்கள் மனு கொடுத்தார்கள். ஆபீஸ் என்றால் பதில் கொடுக்க வேண்டும், அதனால் கொடுத்தது. இந்த இடத்தில் தண்ணீர் வராது என்று நிலத்தின் உரிமையாளரே கூறியதால் பாலம் வைக்கப்படவில்லை என்று அதில் மயிலாத்தாளின் பேரோடு இருந்தது. மலையாளத்தில் வந்த அந்தப் பதிலைப் பால் சொசைட்டியில் வைத்துப் படித்திருக்கிறார்கள். அன்றைக்கே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாலம் வந்தால் வாய்க்காலை அகலப்படுத்துவார்கள், சாலைக்குப் போனது போகத் தோப்பில் இன்னும் நாலு மரம் போகும், அதைக் காப்பாற்றிக்கொள்ள மயிலாத்தாள் தண்ணீர் வராது என்று பொய் சொல்லிவிட்டாள். இப்போது பார், அவள் தென்னைக்கு மட்டும் தண்ணீர் சும்மா நிற்கிறது.

கேட்பதற்கு எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

அந்தச் சமயத்தில் மேலே இருந்த அதிகாரி ஒருவர் எலியாஸ் சாரைக் கூப்பிட்டார். நானும் கோப்போடு கூட நின்றேன். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், விழா நாள் நெருங்கியவர். நிலத்துக்காரி தவறான தகவல் கொடுத்தாள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், நம் பக்கம் சுத்தம், பாலத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு வரி சாரைக் காப்பாற்றியிருக்கும். மயிலாத்தாள் அரசாங்கக் காகிதத்திலும் பொய்க்காரி ஆகியிருப்பாள். சார் தன் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "எழுதறதுக்கு முன்ன ஒருக்க கேட்டுட்டு வரேன் சார்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "அவங்க எதுக்குப் பொய் சொன்னாங்கன்னு எனக்கு மனசிலாகல" என்றார். கோபம் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் காலையில் போனோம். செய்தி எப்படியோ போய், வேலுச்சாமியும் கீழ்வயல்காரர்களும் மண்வெட்டியோடு சாலைக் கரைமேல் வந்து நின்றிருந்தார்கள். மயிலாத்தாள் தோப்பில் அடைந்த தண்ணீருக்கு நடுவில் விழுந்த மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். சார் ஷூவைக் கழற்றிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நான் வரப்பிலேயே நின்றேன்.

என்னைப் பார்த்ததும் தமிழ்ப் பெண் என்று தெரிந்துவிட்டது போலும். மயிலாத்தாள் என்னிடம்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்கம்மணி, நீங்க அந்த ஆபீசுங்களா? நான் தண்ணி வராதுன்னு சொல்லவே இல்லீங்க. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இந்த வாய்க்காத் தண்ணியிலதானுங்க துணி தொவைக்கறேன். வராதுன்னு சொல்ல எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு?"

"அப்ப கரை போடறப்பவே தடுத்திருக்கலாமல்லங்க?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"உள்ளார குழாய் வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேனுங்க. டிப்பர்காரங்கிட்டயும் சொன்னேன். அவன் இந்திக்காரன். சிரிச்சுட்டே தலையாட்டினான்."

கரைமேலிருந்து வேலுச்சாமி, "அக்கா, காயிதத்துல உன்ற பேரு இருக்குது. அப்புறமென்ன பேச்சு?" என்றார்.

மயிலாத்தாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடமே சொன்னார்: "போன வாரம் இவங்கம்மா தவறிட்டாங்க. எங்கூட்டுக்கு ரெண்டாவது ஊடு. எனக்குச் சொல்லி உடலீங்க. அழுகச் சத்தம் கேட்டு நானே போனேன். உள்ள போயி நின்னேன். கட்டியழுக ஒருத்தி கை நீட்டலீங்க."

எங்கள் பக்கத்தில் எழவுக்குச் சொல்லாமல் விடுவது என்றால் உறவை அறுத்துவிட்டோம் என்று சொல்வது. சொல்லாமல் விட்டும் தானாகப் போய் அழ நின்றவளை யாரும் கட்டிக்கொள்ளாமல் விட்டது அதைவிடக் கொடுமை. இருந்தாலும் காகிதத்தில் இருப்பது இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

எலியாஸ் சார் நாங்கள் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, சர்வேயன்று கேட்ட மாதிரியே, அதே மரியாதையோடு தமிழில் கேட்டார்: "அம்மா, தேஷ்யப்படாதீங்க, கோவம் வேண்டா. அன்னிக்குக் கேட்டதுதான் இன்னிக்கும் கேக்கறேன். இங்கே வெள்ளம் வருமா?"

மயிலாத்தாள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "வராதுங்க" என்றார்.

கரைமேல் நின்றவர்கள் கொதித்துப்போனார்கள். வேலுச்சாமி மண்வெட்டியைத் தரையில் போட்டார். "பாத்தீங்களா சார், தண்ணியில நின்னுட்டே சொல்லுது பாருங்க" என்றார்.

சாருக்கே தமிழ் போய்விட்டது. குனிந்து மயிலாத்தாளின் காலடியைக் காட்டி, "பின்னே இது எந்தா?" என்றார்.

"இதுங்களா? இது தண்ணிங்க."

சார் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். மயிலாத்தாள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினார்: "வெள்ளம் ஆத்தோரத்துக்காரங்களுக்குத்தானுங்க. இங்க மேட்டாங்காடு. எங்க மாமனார் காலத்துலகூட வந்ததில்லீங்க. இது வாய்க்காத் தண்ணி. மொறை வெச்சு வரும், பாய்ச்சுவோம், போயிரும்."

சார் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வெள்ளம்னா தமிழில் எந்தா, சேச்சி?"

அப்போதுதான் எனக்கும் விழுந்தது. "வெள்ளப்பொக்கம், சாறே" என்றேன். ஆறு பெருகி ஊருக்குள் வருவதற்கு அவர் பாஷையில் அதுதான் பேர்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். இது எங்கள் பக்கத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சார் மலையாளத்திலேயே கேட்டிருந்தால் மயிலாத்தாள் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டிருப்பார். வாய்க்காலையும் காட்டியிருப்பார். சார் மரியாதைக்காகத் தமிழில் கேட்டார். தமிழில் கேட்டதால் அந்தச் சொல்லையும் மயிலாத்தாள் தமிழாகவே கேட்டுக்கொண்டார். சர்வேயில் நடந்ததை சார் என்னிடம் மலையாளத்தில் சொன்னபோது என் காதில் அது தண்ணீராகத்தான் விழுந்தது. ஆபீஸ் அனுப்பிய பதில் மலையாளத்தில் இருந்ததால் பால் சொசைட்டியிலும் அது தண்ணீராகத்தான் விழுந்தது. இத்தனை பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். அதுதான் வினை. ஒரு பாஷை மட்டும் தெரிந்த ஊராக இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது.

நான் கரைமேல் ஏறி வேலுச்சாமியிடமும் மற்றவர்களிடமும் விளக்கினேன். கேட்டார்கள். ஒருத்தர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். பிறகு எல்லாரும் அவரவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். தோப்புப் பக்கம் யாரும் இறங்கவில்லை.

ஆபீசில் அன்று மாலை சார் எழுதிய அறிக்கையை நான்தான் தட்டச்சுக்குக் கொண்டுபோனேன். கேள்வியில் பயன்படுத்திய சொல் தவறு, பதில் சரி, பிழை என்னுடையது, கரையை வெட்டிப் பாலம் வைக்க வேண்டும் என்று நேராக இருந்தது. மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, எந்தக் கோப்பிலாவது இப்படி ஒரு காரணத்தைப் பார்த்திருக்கிறீர்களா, நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். "ஆயிக்கோட்டே" என்றார் சார். விழா தள்ளிப்போனது. சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, வரவேண்டிய பதவி உயர்வும் அதோடு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பெட்டிப் பாலம் கட்டினால் கான்கிரீட் இறுகும் வரை நாள் ஆகும். நாற்று அதுவரை பொறுக்காது. ஆகவே முன்கூட்டியே வார்த்து வைத்த சிமெண்டுக் குழாய் என்று முடிவாயிற்று. பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

புத்தம் புதிய சாலையை வெட்டுவது மனதுக்குக் கஷ்டமான வேலை. தாரை முதலில் ரம்பத்தால் நேர்கோடாக அறுத்தார்கள். இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து அக்கம்பக்கமும் கெடும். பிறகு ஜேசிபி இறங்கியது. மேலே தார், அதன் கீழே நனைத்து இறுக்கிய ஜல்லி, அதன் கீழே கிராவல், அடியில் செம்மண் என்று நாங்கள் மாதக்கணக்கில் அடுக்கியதெல்லாம் ஒரே காலையில் வெளியே வந்து கிடந்தது. குழாயின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில் சார் ரொம்பக் கறாராக இருந்தார். கொஞ்சம் ஏறினால் மேலே தண்ணீர் தேங்கும், கொஞ்சம் இறங்கினால் குழாய்க்குள் சேறு அடையும். மணல் பரப்பி, கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழாயாக இறக்கி, அடுத்த குழாயின் மூக்கை அதன் வாயில் செருகி, சணலும் சிமெண்டும் வைத்து அடைத்துக்கொண்டு மேல்பக்கம் வந்தோம். ஒவ்வொரு இணைப்புக்கும் நானே மட்டம் வைத்துப் பார்த்தேன். என் வேலைக்காலத்தில் நான் இத்தனை கவனமாக வைத்த மட்டம் வேறு இல்லை என்று சொன்னால் அது பெருமையில்லை, பயம். மறுபடி ஒரு தவறு நடந்தால் அந்த அம்மாள் தலையில்தான் விழும் என்ற பயம்.

தண்ணீர் விடுகிற அன்று கீழ்வயல்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். மயிலாத்தாளும் தன் தோப்போரம் வந்து நின்றார். அவரைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் முதலில் யார் போய்ப் பேசுவது என்று ஒவ்வொருத்தரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார் ஜீப்பில் வரும்போதே என்னிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். "தண்ணி சரியா, தண்ணீர் சரியா?" என்று கேட்டார். இரண்டும் சரி, தைரியமாகப் பேசுங்கள் என்றேன். மேல்மடையைத் திறந்தார்கள். தண்ணீர் குழாய்க்குள் போய், கொஞ்ச நேரம் ஒன்றும் காணாமல், பிறகு அந்தப் பக்கம் சருகும் நுரையுமாக வெளியே வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சந்தோஷம் எனக்கும் தாங்கவில்லை.

சார் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மயிலாத்தாளிடம் போனார். எல்லாருக்கும் கேட்கும்படி, அவருக்கு வராத உரத்த குரலில் சொன்னார்: "அம்மா, நீங்க சொன்னது சரி. நான் கேட்டது தப்பு. எனக்குத் தமிழ் சரியா வராது. அதனால உங்களுக்கு ஊர்ல கெட்ட பேர் வந்துச்சு. மன்னிக்கணும்."

ஒரு எஞ்சினியர் வெறுங்காலோடு நின்று மன்னிப்புக் கேட்டதை அந்த ஊர் பார்த்ததில்லை. மயிலாத்தாள் பதறிப்போய், "ஐயோ, உடுங்க சாமி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். தண்ணீர் போகிற திசையில் நின்றவர்களை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"நீங்க தப்பாவாச்சும் கேட்டீங்க. இவங்க அல்லாரும் நான் பேசற தமிழேதான் பேசறாங்க. ஒருத்தரும் எங்கிட்ட கேக்கவே இல்லீங்க."

சார் என்னைப் பார்த்தார். இந்தத் தமிழ் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. கீழே வாய்க்காலோரம் நின்ற வேலுச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் அவர் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மடை திருப்ப அவர் குனியவில்லை.